பாதியில் நிற்கும் சுவர்

பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கணக்குப் பேசுகிறார். கோபுரம் கட்ட ஆசைப்படுகிறவர் முதலில் உட்கார வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது, வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் அடித்தளத்தைப் போட்டுவிட்டு, மேலே எழுப்ப முடியாமல் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிப்பார்கள். நாசரேத்தில் தச்சுவேலை செய்து வளர்ந்தவருக்கு, வேலை பாதியில் நின்றால் ஊர் என்ன பேசும் என்பது தெரியாமலா இருக்கும்?

வீடு கட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்வதற்காக அவர் இந்த உவமையைச் சொல்லவில்லை. தமக்குப் பின்னால் வந்த பெருங்கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, என்னோடு வர என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் வருகிறீர்களா என்று கேட்கிறார். ஆனாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்த வாசகம் வரும்போதெல்லாம் கோவிலில் சில தலைகள் குனிவதைப் பீடத்திலிருந்து பார்க்க முடிகிறது. உவமை இன்னும் தொடங்காதவரைப் பார்த்துப் பேசுகிறது. நம்மில் பலரோ தொடங்கிவிட்டு நடுவில் நிற்கிறோம்.

கோவிலிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் தெருவில் நடந்து பாருங்கள். லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்கள். தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள்; உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும் என்று சிமெண்ட் பால் அடித்து வைத்தார்கள், அதுவும் உதிர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு விட்ட இடத்தில் ஓலைத்தட்டி. உள்ளே பழைய வலையும் இரண்டு ஆடும். வாசலில் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை மட்டும் வெயிலில் வெளுத்து இன்னும் காவல் காக்கிறது. கிறிஸ்தவர் வீட்டில் அது எதற்கு என்று இன்னொரு ஞாயிறு பேசிக்கொள்வோம். அந்த வீட்டுக்காரர் தினமும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறார். போகும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

சுவராவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் நிற்பவை எத்தனையோ. மகள் பெயரில் ஆசையாகத் தொடங்கிய செல்வமகள் கணக்கில் இரண்டு வருடமாக ஒரு ரூபாய் விழவில்லை. அடகில் இருக்கும் சங்கிலிக்கு வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம்; சங்கிலி வீடு வந்தபாடில்லை. கல்லூரி முடித்த பையனுக்கு இரண்டு பேப்பர் அரியர். அரசு வேலைத் தேர்வுக்கு வாங்கிய புத்தகங்கள் கட்டிலுக்கடியில் தூசி படிகின்றன. தவக்காலம் நாற்பது நாளும் குடிக்காமல் தாக்குப்பிடித்துவிட்டு, உயிர்ப்பு விழா அன்றே மறுபடி தொட்டவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இனி நம்மால் முடியாது என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். விடியுமுன் கடலில் இறங்குகிறவரை எந்த வாயால் அப்படிச் சொல்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை சீர்செய்ய, எஞ்சின் பார்க்க, பள்ளிக்கூடம் திறந்தால் கட்டணம் கட்ட என்று இருந்த கையிருப்பெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் கரைகிறது. மறுபடி கடலுக்குப் போனால் முதல் பாடு வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கே போய்விடும். இப்படிப் போகிற வாழ்க்கையில் ஒரு வருடம் சிமெண்டுக்கு ஒதுக்கிய பணம் ஆஸ்பத்திரிக்குப் போனால், அடுத்த வருடமும் வீடு எழாது. முதலில் பணம் நிற்கிறது. பிறகு ஆசை நிற்கிறது. கடைசியில் பணம் வந்தாலும் ஆசை வருவதில்லை. அந்தக் கடைசி நிலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். அடிக்கல் போடும்போது மந்திரிக்க என்னை அழைத்தீர்கள். பூந்தியும் போட்டோவும் இருந்தன. வீடு முடிந்தால் புதுமனை மந்திரிக்கவும் அழைப்பீர்கள். அன்று பிரியாணி உண்டு. நடுவில் கிடக்கும் நாலைந்து வருடத்துக்கு விருந்தும் இல்லை, மந்திரிப்பும் இல்லை, வந்து பார்க்க ஆளும் இல்லை. பாதிச் சுவரை மந்திரிக்கக் கூப்பிட்டாலும் நான் வருவேன். தேநீர் போதும்.

நடுவில் நின்றுபோனவர்களுக்கென்றே எழுதியதுபோல விவிலியத்தில் ஒரு நூல் இருக்கிறது. இரண்டே அதிகாரம், 38 வசனம்: இறைவாக்கினர் ஆகாய். இன்னும் இரண்டு வாரத்தில் வாரநாள் திருப்பலியில் அதை வாசிப்போம். வாரநாளில் எத்தனை பேர் வருவீர்கள் என்று தெரிந்ததால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

பாபிலோனியர் எருசலேம் கோவிலை இடித்து மக்களை நாடுகடத்தியிருந்தார்கள். கி.மு. 538-இல் பாரசீக மன்னர் சைரசு, திரும்பிப் போய்க் கோவிலைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஆணையிட்டார். எஸ்ரா நூலின் கணக்குப்படி திரும்பியவர்கள் 42,360 பேர். வந்த இரண்டாம் ஆண்டில் அடித்தளம் போட்டார்கள். எக்காளம் முழங்கியது, கைத்தாளம் ஒலித்தது. இளையவர்கள் ஆர்ப்பரித்தார்கள். பழைய கோவிலைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்களோ வாய்விட்டு அழுதார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று தூரத்தில் நின்றவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லையாம். பிறகு அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு, அரசவையில் கோள்மூட்டல், பயம். வேலை நின்றது. ஏறக்குறைய 16 ஆண்டுகள் நின்றே கிடந்தது. அடித்தளம் போட்ட அன்று பிறந்த பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது.

அந்த 16 ஆண்டும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் வீடுகளுக்கு மரப்பலகை பதித்துக்கொண்டார்கள். கோவிலைப் பற்றிக் கேட்டால், அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்றார்கள். இந்த நிலையில்தான், மன்னர் தாரியுவின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 520-இல், ஆறாம் மாதம் முதல் நாள் ஆகாய் பேசத் தொடங்குகிறார். அவருடைய நூலில் ஒவ்வொரு பேச்சுக்கும் தேதி உண்டு. கணக்கு வைக்கிற இறைவாக்கினர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

அவர் எடுத்த எடுப்பில் மக்களின் வரவுசெலவைப் பேசுகிறார். விதைத்தது அதிகம், அறுத்தது கொஞ்சம். சாப்பிட்டும் வயிறு நிறையவில்லை. உடுத்தியும் குளிர் அடங்கவில்லை. கூலி வாங்குகிறவர் அதைப் பொத்தல் பையில் போட்டு வைக்கிறார். 2,500 ஆண்டுக்கு முந்தைய இந்தப் பொத்தல் பை எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்கிற குடும்பம் நம் பங்கில் உண்டா? சனிக்கிழமை படகுப் பங்குப் பணம் கைக்கு வருகிறது. ஞாயிறு கறி, திங்கள் குழுத் தவணை, செவ்வாய் தண்டல்காரர், புதன்கிழமை கடையில் கடன் சொல்லி அரிசி. எங்கே போயிற்று என்று கேட்டால் கணவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

ஆகாய் திட்டித் தீர்க்கவில்லை. உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள் என்று அந்தச் சின்ன நூலில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடுத்து, மலைக்கு ஏறி மரம் கொண்டுவந்து கட்டுங்கள் என்கிறார். சாலமோன் கட்டியபோது லெபனோனிலிருந்து கேதுரு மரம் கடல் வழியாக மிதந்து வந்தது. ஆகாய் லெபனோன் பேச்சையே எடுக்கவில்லை. ஏறிப்போய் எடுத்து வரக்கூடிய மரம் போதும் அவருக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோவிலுக்குக் கொடு, ஆண்டவர் உன் பொத்தலை அடைப்பார், கொடுத்ததை இரட்டிப்பாக்குவார் என்று இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கிக்கிறவர்கள் தொலைக்காட்சியில் நிறைய. நான் அப்படிச் சொல்லமாட்டேன். காணிக்கை வழக்கம்போல்தான், சிறப்பு வசூல் எதுவும் இன்று இல்லை, பயப்படாதீர்கள். கடவுளும் மக்களும் செய்துகொண்ட உடன்படிக்கையை ஆகாய் நினைவூட்டினார். அதை வட்டிக்கணக்காக்கினால் அவரை அவமதித்ததாகும். நான் இந்த நூலைத் திறப்பது வேறொன்றுக்காக. நின்ற வேலை மறுபடி எந்த வரிசையில் தொடங்கியது என்பதை அது காட்டுகிறது.

முதலில் ஆளுநர் செருபாபேலும் தலைமைக் குரு யோசுவாவும் மக்களும் ஆண்டவரின் சொல்லுக்குச் செவிகொடுத்தார்கள். அடுத்து, நான் உங்களோடு இருக்கிறேன் என்ற வாக்கு வந்தது. அதற்கும் பிறகுதான், ஆண்டவர் அவர்களுடைய உள்ளங்களைத் தட்டியெழுப்பினார் என்று எழுதியிருக்கிறது. நாம் தலைகீழாக எதிர்பார்க்கிறோம். ஊக்கம் வரட்டும், எழுந்திருக்கிறேன். மனசு வரட்டும், படிக்கிறேன். ஆசை வரட்டும், சீட்டுப் போடுகிறேன். வராத ஒன்றுக்காகக் காத்திருந்தே வருடங்கள் போகின்றன. எருசலேமில் கீழ்ப்படிதல் முன்னால் வந்தது, ஊக்கம் பின்னால் வந்தது. ஊக்கம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வரவழைத்த சரக்கும் இல்லை, ஆண்டவர் கொடுத்தது. எழுந்து நின்றவர்களுக்குக் கொடுத்தார்.

ஆறாம் மாதம் முதல் நாள் பேச்சு. 24-ஆம் நாள் வேலை தொடக்கம். நடுவில் 23 நாள். இடிபாட்டை அகற்ற வேண்டும், மரம் வெட்ட வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். ஆகவே இன்றைய மறையுரையைக் கேட்டுவிட்டு நாளைக்கே கொத்தனாரை வரச்சொல்லாவிட்டால் குறையில்லை. 23 நாள் 16 ஆண்டாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேலை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழாம் மாதம் 21-ஆம் நாள், கூடாரத் திருவிழாவின் ஏழாம் நாள், மறுபடி சோர்வு. இந்தத் தடவை எதிரிகளும் இல்லை, அரசவைக் கோளும் இல்லை. சாலமோனின் கோவிலைச் சிறுவயதில் பார்த்திருந்த சில கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள், எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கண்ணுக்குப் புதுச் சுவர் ஒன்றுமே இல்லாததாகத் தெரிந்தது. நம் ஊரில் அந்தக் கிழவர்களின் வேலையைக் கைப்பேசி செய்கிறது. துபாயிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி கட்டிய வீட்டின் வீடியோ வருகிறது: மார்பிள் தரை, எவர்சில்வர் கைப்பிடி, கார் நிறுத்த இடம். பார்த்து முடித்ததும், இந்த மாதம் வயிற்றைக் கட்டி நாம் வாங்கிப்போட்ட பத்து மூட்டை சிமெண்ட் கேவலமாகத் தெரிகிறது. ஒப்பிட்டவர்களோடு ஆகாய் மல்லுக்கு நிற்கவில்லை. செருபாபேலுக்கும் யோசுவாவுக்கும் மக்களுக்கும் ஒரே சொல்தான்: துணிந்து வேலையைத் தொடருங்கள், ஆண்டவர் உங்களோடு இருக்கிறார். இந்தக் கோவிலின் மாட்சி முந்தியதை மிஞ்சும் என்ற வாக்குறுதியும் உண்டு. ஆனால் அதை அவர் பிறகுதான் சொல்கிறார்.

அதே நாட்களில் பேசிய இறைவாக்கினர் செக்கரியா, செருபாபேலின் கையில் தூக்குநூல் இருப்பதைக் காண்கிறார். சின்னத் தொடக்கத்தை ஏளனம் செய்தவர்களும் அதைப் பார்த்து மகிழ்வார்கள் என்கிறார். மாநிலத்தை ஆளுகிறவர் தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரோரம் நிற்கிறார்! தாரியுவின் ஆறாம் ஆண்டில், கி.மு. 515-இல், கோவில் முடிந்தது. மறுபடி தொடங்கியதிலிருந்து நாலரை ஆண்டுதான் ஆயிற்று. அந்த வேலைக்குப் பயந்துதான் கோவில் 16 ஆண்டு சும்மா கிடந்திருக்கிறது.

இது ஒரு மக்களின் கதை. தனியாள் ஒருவரையும் பார்ப்போம். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவரை அனுப்பிவைத்த புனித லொயோலா இஞ்ஞாசியார் நின்று நின்று படித்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. படுக்கையில் மனம் மாறினார். பிறருக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 1524-இல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்க உட்கார்ந்தபோது வயது 33. புத்தகத்தைத் திறந்தால் ஒரு விநோதம். வினைச்சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்கியதும் இனிய ஆன்மீகச் சிந்தனைகள் பொங்கி வரும், பாடம் ஓடாது. கொஞ்ச நாளில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. செபத்திலும் திருப்பலியிலும் வராத தெளிவு, இலக்கணம் படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? இது சோதனை என்று கண்டுகொண்டார். தம் ஆசிரியர் அர்தேவோலைப் பக்கத்திலிருந்த கடல் மாதா ஆலயத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். இந்த ஊரில் பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் கிடைக்கிற வரை, இந்த இரண்டு ஆண்டும் உங்கள் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதோடு அந்தச் சோதனை ஓய்ந்தது.

படிக்க உட்கார்ந்ததும் பாடற்குழு ஞாபகம் வருகிற நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வேலையை விட்டு நம்மை நழுவவைப்பது எப்போதும் கெட்டதாகவே வராது. கோவில் வேலையாகவும் வரும், நண்பனுக்கு உதவியாகவும் வரும். இஞ்ஞாசியார் தம் உறுதியைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். வாத்தியார் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்து அல்காலாவில் பல பாடங்களை ஒரே நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டார், எதுவும் பிடிபடவில்லை. அங்கேயும், அடுத்துப் போன சலமான்காவிலும் விசாரணை, சிறை. 1528 பிப்ரவரியில் பாரிஸ் போய்ச் சேர்ந்து, மோந்தேகு கல்லூரியில் சிறுவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி அடிப்படை இலக்கணம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அங்கே பணமும் போயிற்று. படிப்புக்காகக் கிடைத்த 25 எஸ்குதோ நாணயத்தை, கூடத் தங்கியிருந்த ஒருவரிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார், திருப்பித் தர வழியில்லை. தவக்காலம் முடிவதற்குள் இஞ்ஞாசியார் கையில் ஒன்றுமில்லை. தங்குமிடத்தை விட்டு, ஏழைகளுக்கான ஒரு விடுதிக்குப் போனார். அது கல்லூரிக்குத் தூரம். விடுதிக்கதவு திறக்கும் நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துவரவில்லை. பிச்சை எடுத்தே பொழுது போனது, படிப்பு நகரவில்லை. அப்போது ஒரு துறவி யோசனை சொன்னார்: வருடத்துக்கு இரண்டு மாதத்தை இழந்தாலும் பரவாயில்லை, பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய் அங்குள்ள ஸ்பானிய வணிகர்களிடம் ஆண்டு முழுமைக்கும் வேண்டியதை வாங்கி வாருங்கள், மீதி நாள் நிம்மதியாகப் படிக்கலாம். அப்படியே செய்தார். ஒருமுறை இங்கிலாந்து வரைக்கும் போனார். தூய பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் பீட்டர் பேபரும் நம் சவேரியாரும். 1535-இல் முதுகலைப் பட்டம். இலக்கணப் புத்தகத்தைத் திறந்து 11 ஆண்டு ஆகியிருந்தது.

பணத்தைத் தின்றவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் ஊர் திரும்பும் வழியில் ரூவான் நகரில் நோய்வாய்ப்பட்டார். செய்தி கேட்ட இஞ்ஞாசியார் வெறுங்காலோடு, உண்ணாமல் பருகாமல் நடந்தே போய் அவரைப் பார்த்து ஆறுதல் சொல்லி, கப்பலேற உதவினார். சீட்டில் ஏமாந்தவர்கள் ஏமாற்றியவர்களைத் தேடிப்போய்ப் பணம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபத்தையே சாக்காக வைத்து, இனிச் சேமிக்கவே மாட்டேன் என்று பத்து வருடம் உட்கார்ந்துவிட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இந்த இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சி நூலில் ஒரு விதி வைத்திருக்கிறார். உள்ளம் வறண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது அதன் பொருள். பணத்துக்கும் இது பொருந்துகிறது, நோன்புக்கும் பொருந்துகிறது. இரவு பதினொரு மணிக்கு, உடம்பு அசந்து, கடன்காரர் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டை அப்படியே விற்றுவிடலாம், படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்காதீர்கள். தூங்குங்கள். விடிந்த பிறகு பேசுங்கள். அப்போதும் அதே முடிவு சரியாகத் தெரிந்தால் சரி.

ஏனென்றால் சில இலக்குகளை விடத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துத் தொடங்கிய மாடிக்கு ஊக்கம் வற்றுவது நல்லதாகக்கூட இருக்கலாம். ஊரை அழைத்து மூன்று நாள் கல்யாணம் நடத்துவதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்கத் துணிகிறவர் தயங்கி நின்றால், அந்தத் தயக்கத்தை நான் தூய ஆவியின் கொடை என்பேன். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடைச்சட்டம் வந்துவிட்டது. வட்டிக்காரர் வாசலில் வந்து நின்று மிரட்டினால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒளியாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். எழுதத் தெரியாவிட்டால் கோவில் பங்களாவுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் வந்தால் நள்ளிரவானாலும் கதவைத் தட்டுங்கள்.

கடன் விஷயத்தில் திருச்சபை எப்போதும் தள்ளி நின்று போதித்ததோடு சரி என்று நினைக்காதீர்கள். 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகுநிலையம் ஒன்று தொடங்கியது. கொள்ளை வட்டியிலிருந்து மக்களை மீட்க, பொருளை அடகாக வாங்கிக்கொண்டு மிகக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி வாங்கலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. நிலையத்தை நடத்தும் செலவுக்கு மட்டும் வாங்கலாம் என்று 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் தீர்த்துவைத்தது.

இன்றைய இரண்டாம் வாசகமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஓடிப்போன அடிமை ஒனேசிமுக்காகப் பவுல் அவனுடைய எசமானர் பிலமோனிடம் பரிந்து எழுதுகிறார். திருவழிபாட்டு வாசகம் 17-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அடுத்த வசனத்தில், அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதும் என்கிறார். அதற்கும் அடுத்ததில், இதை என் கைப்பட எழுதுகிறேன், நானே தீர்ப்பேன் என்கிறார். சிறையில் இருந்துகொண்டே புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார் திருத்தூதர்! அடுத்தவர் கடனுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருவர் தாமாக எழ முடியாமல் கிடக்கும்போது, அவர் கணக்கைத் திறந்து பார்க்க இன்னொருவர் கூட உட்காருவதுதான் கிறிஸ்தவம்.

ஆகவே அன்பியப் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். செபமாலையும் விவிலியப் பகிர்வும் முடிந்த பிறகு, பாதியில் நின்ற எதையாவது மறுபடி தொடங்கியவர் இருந்தால் அவரைப் பேசவிடுங்கள். முடித்தவர்களைத்தான் இதுவரை மேடையேற்றியிருக்கிறோம். தொடங்கியவருக்கும் கை தட்டுங்கள். இந்த மாதம் நூறு ரூபாய் போட்டேன் என்று ஒரு அக்கா சொன்னால் சிரிக்காதீர்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் உங்களுக்குப் பழக்கமானதுதானே. ஒன்பது மாதத்தில் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டுகிறீர்கள்; அரசு தன் பங்கைச் சேர்த்து, தொழில் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகக் கையில் வருகிறது. ஒன்பது மாதத் தவணையைச் சலிக்காமல் கட்டத் தெரிந்த கைகள்தான் இவை.

விட்ட இடத்திலிருந்து தொடங்க அஞ்சலகமே இடம் கொடுக்கிறது. ஆர்.டி. கணக்கு 60 மாதம். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம் கட்டித் தொடரலாம். நான்கு மாதம் தவறினால் கணக்கு நின்றுபோகும். அப்போதும் இரண்டு மாதத்துக்குள் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். செல்வமகள் கணக்கில் வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட வேண்டும்; விட்டுப்போன ஒவ்வொரு வருடத்துக்கும் அதோடு 50 ரூபாய் அபராதம் கட்டினால் கணக்கு மறுபடி உயிர்பெறும். மனிதர் நடுவில் நின்றுபோவார்கள் என்று அரசு விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கடவுளுக்குத் தெரியாதா? ஒப்புரவு அருள்சாதனம் எதற்காக வைத்திருக்கிறோம்? குடியை விட்டு மறுபடி விழுந்த சகோதரரே, நீங்கள் தாக்குப்பிடித்த அந்த நாற்பது நாள் வீண்போகவில்லை. முடியும் என்று உங்களுக்கே நிரூபித்த நாட்கள் அவை. வெட்கப்படாமல் வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன்.

இன்று மதியம் சாப்பிட்ட பிறகு வீட்டில் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். படிக்கிற பிள்ளை இருந்தால் எழுத அதைக் கூப்பிடுங்கள். ஆண்டவர் கோபுரம் கட்டுகிறவரை முதலில் உட்காரத்தான் சொன்னார். பீரோவுக்குள் இருக்கும் பாஸ்புக், அடகுச்சீட்டு, குழு அட்டை, அரியர் பேப்பரின் பெயர் எல்லாவற்றையும் மேசைமேல் வையுங்கள். யாரையும் யாரும் குற்றம் சொல்லக்கூடாது. அதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வைத்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து, இந்த வாரம் அதில் செய்ய முடிந்த மிகச் சின்ன வேலையைத் தாளில் எழுதுங்கள். எழுதியதை வீட்டுக்கு வெளியே ஒருவரிடமாவது சொல்லுங்கள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். புதன்கிழமை சகாய மாதா நவநாள் முடிந்ததும் வாசலிலேயே நிற்பேன்.

இப்போது எழுந்து நின்று, நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.